மலைமேல் வீடு, சமவெளியில் சொந்தக்காரர்

கொடைக்கானலில் மூன்று படுக்கையறை வீடு ஒன்றை விற்க வரும் தரகர் சொல்லும் கணக்கு எளிமையானது. ஓர் இரவுக்கு 6,000 ரூபாய், மாதத்துக்கு முப்பது இரவு, ஆக 1,80,000 ரூபாய். வங்கித் தவணை போக மிச்சம் கையில். சென்னையிலோ கோவையிலோ மதுரையிலோ இருந்துகொண்டு இரண்டாவது வீடு வாங்குகிறவர்களில் பலர் இந்தக் கணக்கை நம்பித்தான் பத்திரப்பதிவு அலுவலகத்துக்குப் போகிறார்கள். பெருக்கலில் பிழை இல்லை. ஆனால் முப்பது இரவும் நிரம்பும் மாதம் மலையில் அபூர்வம். நிரம்பினாலும் 6,000 ரூபாய் முழுதாகச் சொந்தக்காரர் கைக்கு வந்து சேராது.

மலைவீட்டு வாடகை வாரக் கடைசியை நம்பி ஓடும் தொழில். வருடத்தில் வெள்ளி, சனி இரவுகளைக் கூட்டினால் 104. இவற்றோடு ஏப்ரல், மே சீசன், பொங்கல், ஆயுதபூஜை, தீபாவளி விடுப்புகள், கிறிஸ்துமஸிலிருந்து புத்தாண்டு வரையிலான வாரம். மற்ற நாட்களில், முக்கியமாக மழை மாதங்களில், வீடு பெரும்பாலும் பூட்டித்தான் கிடக்கும்.

ஒரு மாதிரிக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். தொகைகளை அவரவர் வீட்டுக்குத் தக்கபடி மாற்றிக்கொள்ளலாம். கணக்கு போடும் முறை மாறாது. இரவுக்கு 6,000 ரூபாய். முன்பதிவுத் தளத்துக்கோ தரகருக்கோ பதினைந்து சதவீதம் என்று வைத்தால் 900 போய்விடும். மின்சாரம், தண்ணீர், எரிவாயு என்று இரவுக்கு 300. இதுவரை எல்லோரும் யோசிப்பதுதான். பலரும் விட்டுவிடுவது அடுத்த செலவை: ஒரு குடும்பம் காலி செய்து அடுத்த குடும்பம் நுழையும் ஒவ்வொரு முறையும் துடைத்துக் கழுவி, படுக்கை விரிப்புகளைச் சலவைக்குப் போட்டு, குப்பையை அகற்ற ஆகும் 1,500 ரூபாய். இந்தச் செலவு இரவுக்கு ஒரு முறை அல்ல, வருகைக்கு ஒரு முறை வருவது. ஆகவே ஓர் இரவு மட்டும் தங்குகிறவரிடமிருந்து மிஞ்சுவது 3,300. இரண்டு இரவு தங்கினால் 8,100, அதாவது இரவுக்கு 4,050. மூன்று இரவென்றால் இரவுக்கு 4,300.

இனி நிலையான செலவுகள். வீட்டைப் பார்த்துக்கொள்பவரின் சம்பளம் மாதம் 15,000 என்றால் வருடத்துக்கு 1,80,000. சொத்துவரி, இணையம், காப்பீடு போன்றவற்றுக்கு 60,000. வண்ணப்பூச்சு, குழாய், கீசர், மெத்தை, உடைந்த பாத்திரம் எல்லாவற்றுக்கும் 1,20,000. மொத்தம் 3,60,000. இத்துடன் முடியவில்லை. அதே வீட்டை உள்ளூர்க் குடும்பத்துக்கு மாத வாடகைக்கு விட்டிருந்தால் 20,000 வந்திருக்கும் என்றால், இழந்த அந்த 2,40,000 ரூபாயையும் செலவாகவே எழுத வேண்டும். ஆறு லட்சம். இதை எட்டினால்தான் தினவாடகைக்கு விட்டதற்கு அர்த்தம் உண்டு.

எல்லோரும் ஓர் இரவே தங்கினால் ஆறு லட்சத்தை எட்ட 182 இரவுகள் நிரம்ப வேண்டும், 182 முறை வீட்டைக் கழுவ வேண்டும். எல்லோரும் இரண்டு இரவு தங்கினால் 149 இரவுகள் போதும். கழுவுவது சுமார் 75 முறை. அதே வீடு, அதே வாடகை, வேலை பாதிக்கும் கீழே. குறைந்தது இரண்டு இரவு என்ற விதியை முதல் நாளிலிருந்தே வைக்கச் சொல்வது இதனால்தான். காலியாகக் கிடக்கும் செவ்வாய்க்கிழமை ஒருவர் ஓர் இரவு மட்டும் கேட்டால் தாராளமாகக் கொடுக்கலாம். சனிக்கிழமை இரவை மட்டும் தனியாக விற்பதுதான் நட்டம்; வெள்ளியும் ஞாயிறும் அதோடு சேர்ந்து வீணாகின்றன.

இந்தக் கணக்கில் வங்கிக் கடனின் வட்டி இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். கடன் வாங்கித்தான் வீடு என்றால் அதையும் சேர்த்துப் போட்டுப் பாருங்கள். பல வீடுகளில் கணக்கு அந்த இடத்திலேயே படுத்துவிடும்.

பணக்கணக்கைவிட முக்கியமான ஒரு கேள்வியைத் தரகர் கேட்பதே இல்லை. வெள்ளி இரவு பதினொரு மணிக்குத் தண்ணீர் நின்றுபோனால் சொந்தக்காரர் எங்கே இருப்பார்? இந்தத் தொழிலில் லாபம், சட்டம், அக்கம்பக்கத்தாரின் பொறுமை, விருந்தினரின் உயிர் ஆகிய நான்கும் கடைசியில் இந்தக் கேள்விக்குத்தான் வந்து சேர்கின்றன.

உலகெங்கும் சட்டம் இயற்றியவர்களும் சுற்றிவளைத்து இதையேதான் கேட்டிருக்கிறார்கள். சான் பிரான்சிஸ்கோவில் வாடகை கட்டச் சிரமப்பட்ட இளைஞர்கள் 2007இல் தங்கள் வீட்டுக் கூடத்தில் காற்றடைத்த மெத்தைகளைப் போட்டு, மாநாட்டுக்கு வந்தவர்களைத் தங்கவைத்ததில் பிறந்தது ஏர்பிஎன்பி. அன்று விருந்தளித்தவர்கள் அதே கூரையின் கீழ் இருந்தார்கள். பத்தே ஆண்டுகளில் நிலைமை தலைகீழானது. சொந்தக்காரரே இல்லாத முழு வீடுகள், ஒருவர் பெயரில் பத்து வீடுகள் என்று பெருகி, நகரங்களில் குடியிருக்க வீடு கிடைக்காத நிலை வந்தது. நியூயார்க் நகரம் 2023 செப்டம்பரில் நடைமுறைக்குக் கொண்டுவந்த விதிப்படி, முப்பது நாளுக்குக் குறைவாக வாடகைக்கு விடுகிறவர் நகராட்சியில் பதிவு செய்திருக்க வேண்டும், விருந்தினர் தங்கும்போது தானும் அதே வீட்டில் இருக்க வேண்டும், இரண்டு பேருக்கு மேல் ஏற்றுக்கொள்ளக் கூடாது. பார்சிலோனா இன்னும் கடுமை: சுற்றுலாப் பயணிகளுக்கான 10,101 அடுக்குமாடி வீடுகளின் உரிமங்களை 2028 நவம்பருக்குப் பின் புதுப்பிக்கப் போவதில்லை என்று அதன் மேயர் 2024இல் அறிவித்தார். ஆம்ஸ்டர்டாம் வருடத்துக்கு முப்பது இரவு, லண்டன் தொண்ணூறு, ஜப்பான் 2018இல் நடைமுறைக்கு வந்த சட்டப்படி நூற்றியெண்பது என்று வரம்பு கட்டின. நாள் வரம்பின் உள்நோக்கமும் இதுவே. வருடத்தின் பெரும்பகுதி அங்கே வாழ்கிறவர் தான் ஊருக்குப் போகும் நாட்களில் மட்டும் வீட்டை விடட்டும் என்பது.

இதற்கு ஆய்வுச் சான்றும் இருக்கிறது. கைல் பாரன், எட்வர்ட் குங், டேவிடே புரோசர்பியோ மூவரும் அமெரிக்க அஞ்சல் குறியீட்டுப் பகுதிகளை ஆராய்ந்து 2021இல் வெளியிட்ட கட்டுரை, ஏர்பிஎன்பி வீடுகள் ஒரு சதவீதம் கூடினால் நடுத்தரமான ஒரு பகுதியில் வாடகை 0.018 சதவீதமும் வீட்டு விலை 0.026 சதவீதமும் உயர்வதாகக் கணக்கிட்டது. பார்வைக்குச் சிறிய எண்கள். ஆனால் இவ்வகை வீடுகள் ஆண்டுதோறும் வேகமாகப் பெருகிய காலத்தில் அவை சிறிய எண்கள் அல்ல. அந்தக் கட்டுரையில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறொரு முடிவு: சொந்தக்காரர்களே குடியிருக்கும் வீடுகள் அதிகமுள்ள பகுதிகளில் இந்த விளைவு குறைவாக இருந்தது. ஆள் இல்லாத வீடுதான் ஊரின் வாடகையை அதிகம் ஏற்றுகிறது என்று இதைப் படிக்கலாம்.

நம் நாட்டில் ஒன்றிய சுற்றுலா அமைச்சகத்தின் ஹோம்ஸ்டே திட்டமும் அதே அடிப்படையில்தான் நிற்கிறது. ஒன்றிலிருந்து ஆறு அறைகள், அதிகபட்சம் பன்னிரண்டு படுக்கைகள், சொந்தக்காரர் குடும்பத்தோடு அங்கேயே வசிக்க வேண்டும். கேரளத்தின் ஹோம்ஸ்டே வகைப்பாடும் சொந்தக்காரர் குடியிருப்பதை எதிர்பார்க்கிறது. கோவாவில் சுற்றுலாத் துறையில் பதிவு செய்யாமல் வீட்டைப் பயணிகளுக்கு விட முடியாது. மலையில் ‘ஹோம்ஸ்டே’ என்று பலகை மாட்டிய வீடுகளில் எத்தனை இந்த வரையறைக்குள் வரும் என்று வாங்குவதற்கு முன்பே யோசிப்பது நல்லது. சொந்தக்காரர் வசிக்காத வீடு அதிகாரிகளின் கண்ணில் ஹோம்ஸ்டே அல்ல, லாட்ஜ். லாட்ஜுக்கு உரிமம் வேறு, கட்டட அனுமதி வேறு, தீயணைப்புத் துறைச் சான்று வேறு. குடியிருப்பாக அனுமதி வாங்கிக் கட்டிவிட்டு வணிகத்துக்குப் பயன்படுத்திய கட்டடங்களுக்குக் கொடைக்கானலிலும் நீலகிரியிலும் அதிகாரிகள் சீல் வைத்திருக்கிறார்கள். வீடு வாங்கும்போது பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று பார்க்கிறோம். அவற்றோடு கட்டட அனுமதியில் எந்தப் பயன்பாடு எழுதியிருக்கிறது, அந்தக் கிராமம் மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் பட்டியலில் வருகிறதா என்பதையும் பார்த்துவிட வேண்டும். விற்பவர் ‘இங்க எல்லாரும் இப்படித்தான் சார் ஓட்டுறாங்க’ என்று சொன்னால், அது எச்சரிக்கை.

சரி, சொந்தக்காரர் சமவெளியில்தான் இருக்கப் போகிறார். அப்படியானால் அவருடைய இடத்தில் நிற்கப்போகிறவர் யார்? இந்தத் தொழிலில் முதலீடு என்றால் நான் முதலில் சொல்வது வீட்டை அல்ல, இந்த மனிதரை. மலையில் அவரை வாட்ச்மேன் என்பார்கள், கேர்டேக்கர் என்பார்கள். உண்மையில் அவர்தான் மேலாளர். விருந்தினரை வரவேற்று, அறையைக் காட்டி, கீசரைப் போட்டுக் கொடுத்து, இரவு சப்பாத்திக்கும் குருமாவுக்கும் சொல்லி அனுப்பி, காலையில் காரை ஏரிக்கரைக்கு வழிகாட்டி விடுபவர். விருந்தினர் எழுதும் மதிப்புரையில் காட்சியும் குளிரும் ஒரு வரி என்றால், அவர் மூன்று வரி வருவார். அவருக்கு எட்டாயிரம் சம்பளம், பின்கட்டில் ஓர் அறை, கேட்டால் ‘டிப்ஸ் நிறையக் கிடைக்குதே’ என்ற பதில். பெரும்பாலான மலைவீடுகள் இந்த ஏற்பாட்டில்தான் ஓடுகின்றன. அப்புறம் ஒரு மே மாதத்தில் அவர் பக்கத்து ரிசார்ட்டுக்குப் போய்விடுகிறார். சொந்தக்காரர் சீசன் முழுக்கத் தொலைபேசியில் தவிக்கிறார்.

அவருக்கு மாதச் சம்பளம் உறுதியாக இருக்கட்டும். அதற்கு மேல், ஒவ்வொரு வருகைக்கும் ஒரு தொகை. அப்போதுதான் கூட்டம் அதிகமான மாதத்தில் அவர் உழைப்புக்கும் பலன் இருக்கும். வீட்டிலேயே சமைத்துக் கொடுத்தால் அந்த வருமானம் யாருக்கு என்பதை முதலிலேயே பேசிவிட வேண்டும். என் பரிந்துரை, முழுதும் அவர் குடும்பத்துக்கே விட்டுவிடுவது. உணவில் சொந்தக்காரர் பங்கு கேட்கத் தொடங்கினால் எண்ணெயும் காய்கறியும் தரம் குறையும். அது மதிப்புரையில் தெரியும். வாரத்தில் ஒருநாள் விடுப்பு கட்டாயம். ஞாயிறு விடுப்பு மலையில் நடக்காது, புதன்கிழமை கொடுக்கலாம். அவர் இல்லாத நாளில் பார்த்துக்கொள்ள இன்னொருவர் தயாராக இருக்க வேண்டும். குழாய்க்காரர், மின்பணியாளர், தண்ணீர் லாரிக்காரர் ஆகிய மூவரின் எண்களும் அவரிடம் இருப்பதோடு, 5,000 ரூபாய் வரை சொந்தக்காரரைக் கேட்காமலே செலவழிக்கும் உரிமையும் இருக்க வேண்டும். கீசர் பழுதாகிவிட்டது, சொந்தக்காரர் சென்னையில் மீட்டிங்கில் இருக்கிறார், விருந்தினர் குளிர்ந்த தண்ணீரில் நிற்கிறார் என்பது அடிக்கடி நடக்கிற கதை.

எல்லாவற்றுக்கும் மேலாக, ‘முடியாது’ என்று சொல்லும் அதிகாரம். ஆறு பேர் என்று பதிவு செய்துவிட்டு இரண்டு காரில் பதினான்கு பேர் வந்து இறங்கினால், நடு இரவில் முற்றத்தில் ஸ்பீக்கர் வைத்தால், அவர் தடுக்க வேண்டும். ஆனால் விருந்தினர் சொந்தக்காரருக்குப் போன் போட்டு, அவர் ‘விடுப்பா, பரவால்ல’ என்று சொல்லிவிட்டால், அந்த மனிதரின் பேச்சு அந்த வீட்டில் இனி எடுபடாது. போன் வந்தாலும் கேர்டேக்கர் சொன்னதற்குத்தான் சொந்தக்காரர் துணை நிற்க வேண்டும். இரவு பத்து முதல் காலை ஆறு வரை ஒலிபெருக்கி கூடாது என்பது 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதி. அதைப் பதிவு உறுதியாகும்போதே எழுத்தில் அனுப்பிவிட்டால், இரவில் அவர் வாதாட வேண்டியதில்லை, காட்டினால் போதும்.

இனி, காலை பதினொரு மணிக்கும் மதியம் இரண்டு மணிக்கும் இடையில் நடப்பதைப் பற்றி. ஒரு குடும்பம் கிளம்பும் நேரத்துக்கும் அடுத்தது நுழையும் நேரத்துக்கும் இடையே இருப்பது மூன்று மணி நேரம். அதற்குள் மூன்று அறை, இரண்டு குளியலறை, சமையலறை அனைத்தையும் முடிக்க ஒருவரால் முடியாது. இரண்டு பேர் வேண்டும். படுக்கை விரிப்புகள் சமவெளியில் மூன்று செட் போதும்: ஒன்று கட்டிலில், ஒன்று சலவையில், ஒன்று அலமாரியில். சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் மழைக்காலத்தில் துணி இரண்டு நாளானாலும் காயாது. நான்காவது செட் இல்லாவிட்டால் ஈரம் உலராத விரிப்பைப் போட வேண்டிவரும். அந்த வாடை மூக்குக்குத் தெரியும். விரிப்பு வெள்ளையாகவே இருக்கட்டும், கறை தெரியும், வெளுக்கவும் முடியும். பூப்போட்ட விரிப்பு கறையை மறைக்கும். அதனாலேயே விருந்தினர் அதை நம்புவதில்லை.

ஈரம்தான் மலைவீட்டின் நிரந்தர எதிரி. சுவரில் பூஞ்சை படர்ந்த பிறகு வண்ணம் பூசுவது பணத்தை வீணாக்குவது. கூரை, சன்னல் விளிம்பு, மண்ணைத் தொட்டு நிற்கும் பின்சுவர் ஆகிய இடங்களில் நீர் எங்கே புகுகிறது என்பதை ஒரு மழைக்காலம் முழுக்கப் பார்த்து அடைத்த பிறகுதான் பூச வேண்டும். ஆள் இல்லாத வாரத்திலும் நாளுக்குச் சில மணி நேரம் சன்னல்களைத் திறந்து வைக்க ஆள் வேண்டும். பூட்டி வைத்த வீடு பாதுகாப்பானது என்பது சமவெளிக்காரரின் எண்ணம்.

சமையலறைக்கு ஒரு சின்னக் குறிப்பு. இந்த உயரத்தில் தண்ணீர் ஏறக்குறைய 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். சமவெளியிலிருந்து வருகிறவர் பாத்திரத்தில் சோறு வைத்துவிட்டு, வேகவில்லையே என்று அடுப்பைக் குறை சொல்வார். நல்ல பிரஷர் குக்கர் இரண்டு வாங்கி வையுங்கள்.

தண்ணீர் தனிக் கவலை. சீசனும் தண்ணீர்த் தட்டுப்பாடும் ஒரே மாதத்தில் வருகின்றன. நான்கு பேர் கொண்ட குடும்பத்துக்குக் கட்டிய தொட்டியும் கழிவுநீர்க் குழியும், ஒவ்வொரு வாரக் கடைசியும் எட்டுப் பேர் வந்து குளித்துப் போகும் வீட்டுக்குப் போதாது. மே மாதத்துக்கான லாரித் தண்ணீரை மார்ச்சிலேயே பேசி வைக்க வேண்டும். கழிவுநீர்க் குழியைச் சீசனுக்கு முன் இயந்திரம் வைத்துச் சுத்தம் செய்துவிடுவது முறை. ஆளை இறக்கிச் சுத்தம் செய்வது 2013இன் சட்டப்படி குற்றம், உயிரிழப்புக்கும் அது வழி. நிரம்பி வழியும் குழி கீழே இருக்கும் வீட்டுக்காரரின் கிணற்றில் போய்ச் சேரும். அக்கம்பக்கத்துப் புகார்கள் பெரும்பாலும் இரைச்சலில் தொடங்கி இங்கே வந்து முடிகின்றன.

குளிர் ஊரில் இறப்பு நுழையும் வழி ஒன்று உண்டு, கார்பன் மோனாக்சைடு. நிறமில்லை, மணமில்லை. ரத்தத்தின் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் வலுவாக ஒட்டிக்கொள்ளும். தலைவலி, மயக்கம் என்று தொடங்கி, உறங்கிக்கொண்டிருப்பவர் விழிக்காமலே போவார். குளிருக்குக் கரியடுப்பையோ பார்பிக்யூ அடுப்பையோ அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்தித் தூங்கியவர்கள் இறந்த செய்திகள் நம் மலை ஊர்களிலிருந்தே வந்திருக்கின்றன. இன்னொரு காரணம், காற்று போக வழியில்லாத குளியலறைக்குள் மாட்டிய எரிவாயு கீசர். வழி மிக எளிது. எரிவாயு கீசர் வெளிச்சுவரில் இருக்கட்டும், அல்லது மின் கீசருக்கு மாறுங்கள். கரியடுப்பு, கணப்புச் சட்டி எதையும் விருந்தினர் கைக்கு எட்டும் இடத்தில் வைக்காதீர்கள். போதுமான கம்பளிகளைக் கொடுத்தால் அவற்றைக் கேட்க மாட்டார்கள். ஒவ்வொரு படுக்கையறையிலும் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி வையுங்கள். சில ஆயிரம் ரூபாய்தான். அலங்காரத் தலையணைக்குச் செலவழித்ததில் பாதி கூட ஆகாது. தீயணைப்பான் ஒன்று சமையலறைக்கு அருகில், அதை இயக்கத் தெரிந்த ஒருவர் வீட்டில்.

கேமரா வாசலுக்கும் வண்டி நிறுத்துமிடத்துக்கும் மட்டும். வீட்டுக்குள் கேமராவை ஏர்பிஎன்பி 2024 ஏப்ரல் 30 முதல் முற்றிலும் தடை செய்துவிட்டது. அந்தத் தளத்தில் இல்லாதவருக்கும் அதுவே சரியான விதி. இன்னொன்று: சாதாரண வீட்டுக் காப்பீட்டுப் பாலிசி, வணிகமாக விடப்படும் வீட்டின் இழப்பை ஏற்காமல் போகலாம். தளங்கள் தரும் சேத உத்தரவாதம் காப்பீட்டுப் பாலிசி அல்ல. வீடு தினவாடகைக்கு விடப்படுகிறது என்று எழுத்தில் தெரிவித்துத்தான் பாலிசி எடுக்க வேண்டும்.

வரி விவகாரத்தைச் சுருக்கமாகவே சொல்லலாம். 2025 செப்டம்பர் 22 முதல் இரவுக்கு 7,500 ரூபாய் வரையிலான தங்குமிடத்துக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம், அதற்கு மேல் 18. ஆண்டு வரவு 20 லட்சத்துக்குள் இருந்து, ஜிஎஸ்டி பதிவு இல்லாத சொந்தக்காரர் இணையத் தளம் வழியாக விட்டால், வரியைத் தளமே வசூலித்துக் கட்டிவிடும். தளம் பணம் அனுப்பும்போது 0.1 சதவீதம் வருமான வரி பிடித்தம் செய்யும். சிக்கல் வருமான வரியில்தான். குடியிருப்பு வீட்டை வாடகைக்கு விட்டு வரும் தொகையைத் தொழில் வருமானமாகக் காட்டாமல் வீட்டுச் சொத்து வருமானமாகக் காட்ட வேண்டும் என்று 2024இல் சட்டம் திருத்தப்பட்டது. அப்படிக் காட்டினால் முப்பது சதவீதக் கழிவு உண்டு. ஆனால் மேலே எழுதிய சம்பளம், சலவை, பழுது எதையும் தனித்தனியாகக் கழிக்க முடியாது. உணவும் சேவையும் சேர்ந்த தினவாடகை இந்த விதிக்குள் வருமா என்பதில் வாதத்துக்கு இடமிருக்கிறது. முதல் வருடமே தணிக்கையாளரிடம் கேட்டு ஒரு நிலைப்பாட்டை எடுத்து, அதை மாற்றாமல் இருப்பது உத்தமம். வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் குடியேற்றத் துறைக்கு இணையவழியில் தகவல் தர வேண்டும். மற்றவர்களிடம் அடையாளச் சான்று வாங்கும்போது எண் மறைத்த ஆதாரே போதும்.

மலைக்கு மட்டும் உரிய ஒரு விதி இ-பாஸ். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வரும் வெளியூர் வாகனங்களுக்கு இது கட்டாயமானது. 2025 கோடையில் எண்ணிக்கைக்கும் வரம்பு வந்தது: கொடைக்கானலுக்கு வார நாட்களில் 4,000 வாகனம், வாரக் கடைசியில் 6,000; நீலகிரிக்கு 6,000, 8,000. விருந்தினர் முன்பணம் கட்டிவிட்டு, பாஸ் கிடைக்காமல் அடிவாரத்தில் நின்றால் அந்தப் பணம் யாருடையது? இதைப் பற்றி ஒரு வரி உங்கள் ரத்து விதியில் இருக்க வேண்டும். முன்பணம் பெற்றதும் பாஸ் எடுக்கும் முறையை அனுப்பி, எடுத்த பாஸின் படத்தைக் கேட்டு வாங்குவது இன்னும் நல்லது. எனக்கு இந்த வரம்பின் மேல் வருத்தம் இல்லை. காரில் ஆறு மணி நேரம் மலைப்பாதையில் நின்றுவிட்டு வருகிறவர் எந்த வீட்டுக்கும் நல்ல மதிப்புரை எழுதப் போவதில்லை.

மதிப்புரை என்றதும் ஒரு கணக்கு. ஏர்பிஎன்பியில் ‘சூப்பர்ஹோஸ்ட்’ தகுதிக்கு வேண்டிய சராசரி 4.8. பத்துப் பேரில் எட்டுப் பேர் ஐந்து, இரண்டு பேர் நான்கு கொடுத்தால் சரியாக 4.8. மூன்றாவது நபரும் நான்கு கொடுத்தால் தகுதி போயிற்று. நம் ஊர்க்காரருக்கு நான்கு என்பது ‘நல்லாத்தான் இருந்தது’ என்று பொருள். தளத்தின் இயந்திரத்துக்கு அது தோல்வி. மதிப்பெண் பெரும்பாலும் எதிர்பார்ப்புக்கும் கிடைத்ததற்கும் உள்ள இடைவெளியில்தான் தீர்மானமாகிறது. ஆகவே படங்களில் வீட்டை உள்ளதைவிட அழகாகக் காட்டுவது சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது. கடைசி முந்நூறு மீட்டர் மண்பாதை, மூடுபனி இருந்தால் பள்ளத்தாக்கு தெரியாது, மழையில் மின்சாரம் போகும், பெரியவர்களுக்கு இருபது படி ஏற வேண்டும் என்பதையெல்லாம் விளம்பரத்திலேயே எழுதிவிடுங்கள். பதிவு செய்கிறவர் சிலர் குறைவார்கள். வருகிறவர்கள் குறை சொல்ல மாட்டார்கள்.

சொந்தக்காரரோ அவர் ஆளோ அங்கேயே இருந்துவிட்டால் எல்லாம் ஒழுங்காகிவிடும் என்று இவ்வளவையும் வைத்து முடிவு கட்டிவிடக் கூடாது. 2021 ஜனவரியில் மசினகுடியில் ஒரு காட்டுயானை தீக்காயங்களோடு இறந்தது. எரியும் பொருளை அதன்மேல் வீசி விரட்டியவர்கள், அனுமதியின்றி நடந்த ஒரு தங்கும் விடுதியை நடத்தியவர்களே, கைதும் நடந்தது. அங்கே சாவி வைத்திருந்தவர்கள் அங்கேயேதான் இருந்தார்கள். இருந்த இடம்தான் தவறு. அதற்குச் சில மாதங்கள் முன்பு, 2020 அக்டோபர் 14 அன்று, சீகூர்ப் பீடபூமியின் யானை வழித்தடத்தில் இருந்த ரிசார்ட்டுகளுக்கு எதிரான சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பை உச்ச நீதிமன்றம் உறுதி செய்திருந்தது. காட்டோரத்தில் மலிவாக ஒரு மனை கிடைக்கிறது என்றால், மலிவுக்கான காரணத்தை வனத்துறையில் போய்க் கேட்டுவிட்டு வர வேண்டும். இரவில் கேம்ப்ஃபயர், காலையில் வாசலில் காட்டெருமை என்று விளம்பரம் எழுதுகிறவர்கள் நாளைய செய்தித்தாளின் விஷயத்தை எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.

மேலே போட்ட கணக்கில் 149 இரவுகள் நிரம்பும் என்ற நம்பிக்கை வராதவர்கள் வீட்டை விற்க வேண்டியதில்லை. ஜூன் பாதியிலிருந்து செப்டம்பர் வரை தினவாடகையை நிறுத்திவிட்டு மாத வாடகைக்கு விடலாம். வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் கணினித் துறையினர், எழுத வருகிறவர்கள், கோடைப் பள்ளி விடுமுறை முடிந்த பிறகும் தங்க நினைக்கும் ஓய்வு பெற்ற தம்பதிகள் வருவார்கள். மாதம் 35,000 கேட்டால், தரகில்லாமல், ஒரே ஒரு முறை துப்புரவோடு, மின்சாரத்தை அளவைப்படி அவர்களே கட்டிக்கொள்ள, சுமார் மூன்றேகால் மாதத்தில் 1,10,000க்கு மேல் வந்து சேரும். கூடுதலாக, ஈரக் காலத்தில் சன்னலைத் திறந்து வைக்க வீட்டில் ஆளும் இருக்கும். ஒப்பந்தத்தில் காலி செய்யும் தேதியைச் செப்டம்பர் 25 என்று போடுங்கள். ஆயுதபூஜை விடுப்புக்கு முன் வெள்ளையடிக்க நாள் வேண்டும்.